ஸ்டீரொயிட் தொடங்கியவர் எலும்பைக் காப்பது எப்படி: கொழும்பில் சிகிச்சை பெறுவோருக்கான வழிகாட்டி

பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை எழுதப்பட்ட மருந்துச் சீட்டுடன் கிளினிக்கை விட்டு வெளியே வருபவருக்குப் பெரும்பாலும் மூன்று அறிவுரைகள் சொல்லப்பட்டிருக்கும்: சாப்பிட்ட பின் எடுக்க வேண்டும், இரத்தத்தில் சீனி கூடலாம், திடீரென நிறுத்தக் கூடாது. எலும்பைப் பற்றிய பேச்சு அந்த முதல் நாளில் எழுவது குறைவு. முதுகு வலித்து, எக்ஸ்ரே எடுத்து, முள்ளந்தண்டு எலும்பு ஒன்று நசுங்கியிருப்பது தெரிந்த பின்னரே பலருக்கு அந்தப் பேச்சு வருகிறது. ஆனால் ஸ்டீரொயிட்டினால் ஏற்படும் எலும்பு இழப்பு மிக வேகமாக நிகழ்வது முதல் மூன்று முதல் ஆறு மாதங்களிலேயே என்பதால், காக்கும் வேலையும் முதற் குளிசையோடு தொடங்கியாக வேண்டும். முட்டு, வாதம், லூபஸ், சிறுநீரக நோய், குடல் அழற்சி, தோல் நோய் போன்றவற்றுக்காக இம்மருந்தைப் புதிதாகத் தொடங்கியவர்களுக்கும் அவர்களைப் பராமரிப்பவர்களுக்குமாக, எதை எந்த ஒழுங்கில் செய்ய வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

எலும்புக்குள் நடப்பது

எலும்பு உயிருள்ள திசு. பழைய பகுதியை அரிக்கும் கலங்களும் புதிய பகுதியைக் கட்டும் கலங்களும் வாழ்நாள் முழுவதும் அதில் வேலை செய்கின்றன. ஸ்டீரொயிட் தொடக்கத்தில் அரிக்கும் கலங்களின் ஆயுளை நீட்டுகிறது; அதைவிட முக்கியமாக, கட்டும் கலங்களைக் குறைத்து, எலும்புக்குள்ளேயே பதிந்திருந்து அதன் பலத்தைப் பேணும் கலங்களையும் மடியச் செய்கிறது. இதனோடு குடலில் கல்சியம் உறிஞ்சப்படுவது குறைகிறது, சிறுநீரோடு கல்சியம் வெளியேறுவது கூடுகிறது, பாலியல் ஹோமோன்கள் குறைகின்றன, தொடைத் தசைகள் தளர்ந்து விழும் வாய்ப்பும் பெருகுகிறது. முதலில் பாதிக்கப்படுபவை முள்ளந்தண்டு எலும்புகளும் விலா எலும்புகளும். எலும்பின் அடர்த்தி குறைவதற்கு முன்னரே அதன் தரம் கெடத் தொடங்குவதால், ஸ்கான் அறிக்கை ஓரளவு நன்றாக இருப்பவருக்கும் முறிவு ஏற்படலாம் என்பதே இந்நோயை முதுமையில் வரும் சாதாரண எலும்புத் தேய்விலிருந்து வேறுபடுத்துகிறது. நல்ல செய்தியும் உண்டு: ஸ்டீரொயிட்டை வைத்தியரின் மேற்பார்வையில் நிறுத்திய பின் முறிவுக்கான ஆபத்துப் படிப்படியாகக் குறைகிறது.

படி 1: குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள், அளவை எழுதி வையுங்கள்

மேலே எழுதியதை வாசித்து அஞ்சிக் குளிசையை எறிந்துவிடுபவர், எலும்பு முறிவை விடப் பெரிய ஆபத்தைத் தேடிக்கொள்கிறார். மூன்று நான்கு வாரங்களுக்கு மேல் ஸ்டீரொயிட் எடுத்தவரின் அதிரீனல் சுரப்பி, தானாகச் சுரக்க வேண்டிய கோர்டிசோலைச் சுரப்பதைக் குறைத்துக்கொண்டிருக்கும். மருந்து சடுதியாக நின்றால் வாந்தி, தலைச்சுற்று, இரத்த அழுத்தம் வீழ்தல், மயக்கம் என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே அளவைக் குறைப்பது வைத்தியர் சொல்லும் வேகத்தில் மட்டுமே நடக்க வேண்டும். நோயாளி கேட்கக்கூடிய நியாயமான கேள்விகள் இரண்டு: "என் நோயைக் கட்டுப்படுத்தும் ஆகக் குறைந்த அளவு எது?", "மெதோட்ரெக்சேட், அசதையோபிரீன் போன்ற வேறு மருந்தொன்றைச் சேர்த்து ஸ்டீரொயிட்டைக் குறைக்க முடியுமா?" வாதமும் லூபஸும் குடல் அழற்சியும் தம்மளவிலேயே எலும்பை அரிப்பவை, கட்டுக்கடங்காத நோய் எலும்புக்கு நல்லதன்று என்பதையும் மறக்க வேண்டாம்.

கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில், எந்த ஸ்டீரொயிட், எத்தனை மில்லிகிராம், எந்தத் திகதியில் தொடங்கியது, எப்போது கூட்டப்பட்டது அல்லது குறைக்கப்பட்டது என்று ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். தேசிய வைத்தியசாலையிலோ களுபோவிலவிலோ கிளினிக்குக்குப் போகும் ஒவ்வொரு முறையும் வேறொரு வைத்தியர் பார்க்க நேரலாம். ஓராண்டில் மொத்தமாக எவ்வளவு ஸ்டீரொயிட் உடலுக்குள் போனது என்பதை அவர் கொப்பியின் நடுப்பக்கங்களைப் புரட்டிக் கூட்டிப் பார்ப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. பெயர்கள் மாறினாலும் கணக்குப் போட வழியுண்டு: பிரெட்னிசொலோன் 5 மில்லிகிராமுக்கு, மெதைல்பிரெட்னிசொலோன் 4, டிஃப்லசாகோர்ட் 6, ஹைட்ரோகோர்டிசோன் 20, டெக்ஸாமெதசோன் 0.75 மில்லிகிராம் ஆகியவை ஏறத்தாழச் சமமானவை. முட்டு கூடும்போதெல்லாம் ஐந்து நாள், ஏழு நாள் என்று குறுகிய காலத்துக்கு எடுப்பவரும் ஒவ்வொரு தடவையையும் எழுத வேண்டும். அவை ஆண்டு முடிவில் சிறிய தொகையாக இருப்பதில்லை.

கணக்கில் வராத ஸ்டீரொயிட்டும் உண்டு. மூட்டு வலிக்கென்று பெயர் எழுதாத பொட்டலத்தில் விற்கப்படும் தூளும் குளிசையும், முகத்தை வெளுப்பாக்கும் களிம்புகளும், முன்பு ஒருமுறை எழுதிய சீட்டைக் காட்டி மீண்டும் மீண்டும் வாங்கும் குளிசையும் இதில் அடங்கும். நாட்டு மருந்து என்று சொல்லி விற்கப்படும் சில தயாரிப்புகளில் டெக்ஸாமெதசோன் கலந்திருப்பது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. ஓரிரு நாளில் அதிசயமாக வலி போக்கி, முகத்தையும் உப்பச் செய்யும் எந்தத் தூளையும் சந்தேகிப்பது நல்லது. மறுபுறம், முட்டுக்கான இன்ஹேலரைக் கண்டு இதே அச்சம் கொள்ளத் தேவையில்லை. வழக்கமான அளவில் இழுக்கப்படும் ஸ்டீரொயிட்டினால் எலும்புக்கு வரும் பாதிப்பு மிகக் குறைவு. பயந்து இன்ஹேலரை நிறுத்துபவர்தான் அடிக்கடி முட்டுக் கூடி, குளிசை வடிவில் அதிகம் எடுக்க நேர்கிறது.

படி 2: நீங்கள் எந்த வகையில் அடங்குகிறீர்கள் என்று பாருங்கள்

அமெரிக்க வாதநோயியல் கல்லூரியின் 2022 ஆம் ஆண்டு வழிகாட்டல், நாளொன்றுக்குப் பிரெட்னிசொலோன் 2.5 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல், மூன்று மாதங்களுக்கு மேல் எடுக்கவிருக்கும் அனைவரையும் எலும்பு ஆபத்து மதிப்பீட்டுக்கு உட்படுத்துமாறு சொல்கிறது. 2.5 மில்லிகிராம் என்பது சாதாரண 5 மில்லிகிராம் குளிசையின் பாதிதான் என்பதைக் கவனியுங்கள்; "குறைந்த அளவுதானே" என்ற ஆறுதல் இங்கே செல்லாது. ஏற்கெனவே சிறு விழுகையில் எலும்பு முறிந்தவர், நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் ஒரு மாதத்தைத் தாண்டி எடுப்பவர், ஓராண்டில் மொத்தம் 5 கிராமை எட்டியவர், அதாவது சராசரியாக நாளுக்கு ஏறத்தாழ 14 மில்லிகிராம் எடுத்தவர் ஆகியோர் மிக உயர்ந்த ஆபத்து வகையினர். இவர்களுக்குக் கல்சியம் மட்டும் போதாது, மருந்து தேவைப்படும்.

மாதவிடாய் நின்ற பெண்கள், ஐம்பது வயதைக் கடந்த ஆண்கள், மெலிந்த உடல்வாகுடையோர், புகைப்பவர், மதுவை அதிகம் அருந்துபவர், பெற்றோரில் ஒருவருக்கு இடுப்பெலும்பு முறிந்தவர் ஆகியோருக்கு ஆபத்து மேலும் கூடும். தைரொயிட் மிகைச் சுரப்பும் வலிப்புக்கான சில மருந்துகளும் சேர்ந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

படி 3: அடுத்த கிளினிக்கில் கேட்க வேண்டியவை

அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் வைத்தியருடன் பேசக் கிடைப்பது சில நிமிடங்களே. தமிழ் மட்டும் பேசும் ஒருவர் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ பேசும் வைத்தியருக்கு முன்னால் அமர்ந்தால் அதுவும் பாதியாகிவிடும். மொழி தெரிந்த மகனையோ மருமகளையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையையோ அழைத்துச் செல்லுங்கள். முடியாவிட்டால் கேள்விகளை ஆங்கிலத்தில் ஒரு துண்டில் எழுதுவித்துக் கொப்பிக்குள் வையுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கேட்க வேண்டியவை: இந்த மருந்து மூன்று மாதங்களுக்கு மேல் போகுமா, எலும்பு அடர்த்திப் பரிசோதனை எப்போது, இரத்தத்தில் கல்சியம், சிறுநீரகத் தொழிற்பாட்டைக் காட்டும் கிரியற்றினின், விற்றமின் டி ஆகியவற்றைப் பார்க்க வேண்டுமா, முதுகெலும்பு எக்ஸ்ரே தேவையா, வயிற்றெரிவுக்காகச் சேர்த்துத் தரப்படும் ஒமெப்ரசோல் வகைக் குளிசை தொடர்ந்து தேவையா. கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. அந்த வகைக் குளிசையை நீண்ட காலம் எடுப்பதும் எலும்பு முறிவோடு தொடர்புபடுத்தப்பட்டிருக்கிறது. சிலருக்கு அது அவசியமே, சிலருக்கு அது வழக்கத்தினால் மட்டுமே சீட்டில் தங்கியிருக்கிறது.

வீட்டிலேயே உங்கள் உயரத்தைச் சுவரோடு நின்று அளந்து குறித்து வையுங்கள். முள்ளந்தண்டு முறிவுகளில் பெரும்பகுதி வலியின்றி நிகழ்பவை. உயரம் இரண்டு சென்ரிமீற்றருக்கு மேல் குறைவதும் முதுகு வளைவதும்தான் சில வேளைகளில் ஒரே தடயம்.

படி 4: கல்சியமும் விற்றமின் டியும்

இலக்கு, நாளொன்றுக்கு உணவும் குளிசையும் சேர்த்து 1000 முதல் 1200 மில்லிகிராம் கல்சியம், 600 முதல் 800 சர்வதேச அலகு விற்றமின் டி. "உணவும் குளிசையும் சேர்த்து" என்பதுதான் முக்கியம். உணவில் எவ்வளவு கிடைக்கிறது என்று பார்த்துவிட்டு மிச்சத்தை மட்டும் குளிசையால் நிரப்ப வேண்டும். இரண்டையும் கூட்டிக்கொண்டே போவதால் எலும்பு கூடுதலாக உறுதியாவதில்லை, சிறுநீரகக் கல்லுக்கே வழி பிறக்கும்.

கொழும்பில் சாதாரணமாகக் கிடைக்கும் உணவுகளைக் கொண்டு ஒரு கணக்குப் பார்க்கலாம். 200 மில்லிலீற்றர் பசும்பாலில் ஏறத்தாழ 240 மில்லிகிராம் கல்சியம் இருக்கிறது. ஆனால் நம் வீடுகளில் பால் என்றால் பால்மா, பால்மா என்றால் தேநீர். இரண்டு தேக்கரண்டி பால்மா இட்ட தேநீரில் கிடைப்பது மிகக் குறைவு, நாளுக்கு நான்கு கோப்பை குடித்தாலும் கணக்கு நிரம்பாது. அதே பால்மாவில் ஏறத்தாழ 25 கிராமைக் கரைத்து ஒரு தம்ளராகக் குடிப்பது வேறு. தயிர் நல்லது, பால் ஒத்துக்கொள்ளாத பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும். குரக்கன் மாவில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராம் அளவில் கல்சியம் உண்டு என்றாலும் அதிலுள்ள பைற்றேற்று அதன் ஒரு பகுதியை உறிஞ்ச விடாது. ஆகவே குரக்கன் கூழும் பிட்டும் துணையே தவிர முழு ஏற்பாடு அல்ல. தோல் நீக்காத எள்ளில் கல்சியம் மிக அதிகம். எள்ளுருண்டையில் சீனியோ சர்க்கரையோ சேர்வதால், ஸ்டீரொயிட்டினால் சீனி கூடியவர்கள் எள்ளைச் சம்பலாக்கிச் சாப்பிடுவது மேல். முருங்கையிலை, பொன்னாங்காணி, வல்லாரை எல்லாம் தட்டில் இருக்கட்டும்; ஆயினும் ஒட்சலேற்று மிகுந்த கீரைகளிலிருந்து உடல் பெறும் கல்சியம், அட்டவணையில் எழுதியிருப்பதை விடக் குறைவு.

எலும்போடு உண்ணும் மீன்தான் நம் சமையலறையின் பெரும் பலம். நெத்தலியும் சூடையும், எலும்பு மிருதுவாகும்வரை வெந்த ரின் மீனும் நல்ல மூலங்கள். ரின் மீனில் 100 கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் கிடைக்கும், எலும்பை எடுத்தெறிந்தால் அது கிடைக்காது. நெத்தலிக் கருவாட்டுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: ஸ்டீரொயிட் உடலில் உப்பைத் தேக்கி இரத்த அழுத்தத்தைக் கூட்டுவது, மிகை உப்போ சிறுநீரில் கல்சியத்தை வெளியேற்றுவது. கருவாட்டை நன்றாக ஊறவைத்துக் கழுவிச் சமைப்பதும், பச்சை நெத்தலி கிடைக்கும் நாளில் அதையே வாங்குவதும் சரியான வழி. சிறுநீரக நோய் உள்ளவர்கள் இந்தப் பத்தியை அப்படியே பின்பற்றாமல் தங்கள் வைத்தியரின் உணவுக் கட்டுப்பாட்டையே பின்பற்ற வேண்டும்.

குளிசையாக எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை சில. பெட்டியில் 1250 மில்லிகிராம் கல்சியம் காபனேற்று என்றிருந்தால் அதில் உள்ள கல்சியம் 500 மில்லிகிராம் மட்டுமே. ஒரு வேளைக்கு 500 அல்லது 600 மில்லிகிராமுக்கு மேல் உடல் நன்றாக உறிஞ்சாது. கூடுதலாகத் தேவைப்படின் இரு வேளையாகப் பிரிக்க வேண்டும். காபனேற்று வகையைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். ஒமெப்ரசோல் எடுப்பவருக்குச் சித்திரேற்று வகை பொருத்தமாகலாம், அதை எந்த நேரத்திலும் எடுக்கலாம். தைரொக்சின் எடுப்பவர் கல்சியத்துக்கும் அதற்கும் இடையில் நான்கு மணித்தியாலம் விட வேண்டும். இரும்புச்சத்துக் குளிசையையும் சில அன்ரிபயற்றிக்குகளையும் கல்சியத்தோடு சேர்த்து விழுங்கக் கூடாது.

வெயில் கொளுத்தும் ஊரில் விற்றமின் டி எப்படிக் குறையும் என்று கேட்பார்கள். காலையில் பஸ், பகல் முழுவதும் அலுவலகம், மாலையில் அடுக்குமாடி வீடு என்று வாழ்பவரின் தோலில் படும் வெயில் மிகக் கொஞ்சம். கறுத்த தோலுக்கு அதே அளவு விற்றமினை உண்டாக்க அதிக நேர வெயில் தேவை. உடலை முழுவதும் மூடும் உடை அதை மேலும் குறைக்கும். லூபஸ் நோயாளிக்கோ வெயிலே நோயைக் கிளறுவது என்பதால் அவர் வெயிலை நம்பக் கூடாது, குளிசையைத்தான் நம்ப வேண்டும். விற்றமின் டி குளிசைகளில் 50,000 அல்லது 60,000 அலகு கொண்டவை கிழமைக்கு ஒன்று என்று எழுதப்படுபவை. அவற்றைத் தினமும் விழுங்கினால் இரத்தத்தில் கல்சியம் ஆபத்தான அளவுக்கு ஏறும். வீட்டில் முதியவர்களுக்கு மருந்து பிரித்துக் கொடுப்பவர் இதைச் சீட்டோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

படி 5: டெக்ஸா ஸ்கான்

எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கானை ஸ்டீரொயிட் தொடங்கி ஆறு மாதங்களுக்குள், கூடுமானவரை விரைவில் செய்ய வேண்டும். வலியில்லை, ஊசியில்லை, பத்துப் பதினைந்து நிமிடம் படுத்திருந்தால் போதும், கதிர்ப்பு ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயை விடக் குறைவு. இந்த இயந்திரம் எல்லா அரச வைத்தியசாலைகளிலும் இல்லை. காத்திருப்பு நீளமாக இருந்தால் கொழும்பின் தனியார் வைத்தியசாலைகளில் செய்யலாம், ஆனால் கட்டணம் இடத்துக்கிடம் மாறுவதால் முதலில் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போவது நல்லது. முதுகும் இடுப்பும் இரண்டும் அளக்கப்பட வேண்டும் என்று சொல்லுங்கள். இலவச முகாம்களில் குதிக்காலை மட்டும் வைத்துப் பார்க்கும் கருவியின் முடிவு டெக்ஸாவுக்கு மாற்றன்று. அதை நம்பி மருந்து தொடங்கவும் வேண்டாம், நிம்மதியடையவும் வேண்டாம்.

அறிக்கையில், உங்கள் எலும்பை இளம் வயதினரின் எலும்போடு ஒப்பிடும் டீ-ஸ்கோர் என்ற எண் இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி மறை 1 வரை இயல்பு, மறை 1 இற்கும் மறை 2.5 இற்கும் இடையில் அடர்த்திக் குறைவு, மறை 2.5 அல்லது அதற்குக் கீழ் எலும்புத் தேய்வு. மாதவிடாய் நிற்காத பெண்களுக்கும் ஐம்பதுக்குக் குறைந்த ஆண்களுக்கும், அதே வயதினரோடு ஒப்பிடும் இசட்-ஸ்கோரே பார்க்கப்படும். ஸ்டீரொயிட் எடுப்பவர்களுக்கு மறை 2.5 ஐ எட்டுவதற்கு முன்னரே எலும்பு முறியக்கூடும் என்பதால், "இன்னும் மறை 1.8 தான், காத்திருப்போம்" என்பது தவறான தீர்ப்பு. நாற்பது வயதைக் கடந்தவர்களுக்குப் பத்து ஆண்டுக்கான முறிவு வாய்ப்பைக் கணிக்கும் பிராக்ஸ் என்ற கணிப்பான் இணையத்தில் இலவசமாக உண்டு, இலங்கைக்கெனத் தனிப் பிரிவும் அதில் இருக்கிறது. நாளொன்றுக்கு 7.5 மில்லிகிராமுக்கு மேல் எடுப்பவர், அதில் வரும் பெரிய முறிவுகளுக்கான சதவீதத்தை 1.15 ஆலும் இடுப்பு முறிவுச் சதவீதத்தை 1.2 ஆலும் பெருக்கிக்கொள்ள வேண்டும். கணிப்பான் அளவைக் கேட்பதில்லை, ஆம் அல்லது இல்லை என்று மட்டுமே கேட்கிறது.

படி 6: மருந்துகள்

ஆபத்து நடுத்தரமாகவோ அதற்கு மேலாகவோ இருந்தால் வைத்தியர் எலும்புக்கான மருந்தை எழுதுவார். பெரும்பாலும் முதலில் எழுதப்படுவது கிழமைக்கு ஒன்று எடுக்கும் 70 மில்லிகிராம் அலென்ட்ரோனேற்று. விலை குறைவு, நீண்ட கால அனுபவம் உள்ள மருந்து. ஆனால் அதை எடுக்கும் விதத்தில் தவறினால் பயனில்லாமல் போவது மட்டுமன்று, உணவுக்குழாயும் புண்ணாகும். கிழமையில் ஒரு நாளைத் தெரிந்து நாட்காட்டியில் வட்டமிடுங்கள். அன்று காலையில் எழுந்ததும், எதுவும் உண்ணாமல் குடிக்காமல், ஒரு முழுத் தம்ளர் வெறும் தண்ணீரோடு குளிசையை விழுங்கி, அரை மணித்தியாலம் நிமிர்ந்து இருக்கவோ நடக்கவோ வேண்டும், படுக்கக் கூடாது. தேநீர், பால், கஞ்சி, கல்சியக் குளிசை, பிரெட்னிசொலோன் எல்லாம் அந்த அரை மணித்தியாலத்துக்குப் பிறகே. எழுந்தவுடன் பிளேன்ரீ குடித்துப் பழகிய நமக்கு இந்த ஒரு காலைதான் கடினம். சுபஹ் தொழுபவர்கள் தொழுகையை முடித்த பின் விழுங்குவது வசதி, ஏனெனில் விழுங்கிய உடனே குனிந்து சிரம் தாழ்த்துவது நல்லதன்று. நோன்பு மாதத்தில் எந்த நேரத்தில் எடுப்பது என்பதை முன்கூட்டியே கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். குறித்த நாளில் மறந்துவிட்டால் நினைவு வந்த மறுநாள் காலையில் ஒன்றை எடுத்து, பின்னர் பழைய நாளுக்கே திரும்பலாம். ஒரே நாளில் இரண்டு வேண்டாம்.

விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்கும் அரை மணித்தியாலம் நிமிர்ந்திருக்க முடியாதவர்களுக்கும் இது பொருந்தாது. அவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை நாளத்தின் வழியாக ஏற்றப்படும் 5 மில்லிகிராம் சொலிட்ரோனிக் அமிலம் நல்ல மாற்று. முதல் ஏற்றலுக்குப் பின் ஓரிரு நாள் காய்ச்சலும் உடம்பு நோவும் வரலாம். பரசிற்றமோலும் போதிய தண்ணீரும் உதவும். சிறுநீரகத் தொழிற்பாடு மிகக் குறைந்தவர்களுக்கு இவ்விரு மருந்துகளும் தவிர்க்கப்படும், விற்றமின் டி குறைவாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலின் கீழ் போடும் 60 மில்லிகிராம் டெனோசுமாப் ஊசி சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் கொடுக்கக்கூடியது. ஆயினும் இதைத் தொடங்குமுன் நன்றாக யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து. ஓர் ஊசி தவறினாலோ ஓரிரு மாதம் பிந்தினாலோ, அடக்கிவைக்கப்பட்ட அரிப்பு வேகமாகத் திரும்பி, முள்ளந்தண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட எலும்புகள் அடுத்தடுத்து முறிந்த நோயாளிகள் உண்டு. 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது இந்நாட்டில் மருந்துகளுக்கு ஏற்பட்ட தட்டுப்பாட்டைக் கண்ட நாம், அடுத்த ஊசி எங்கே கிடைக்கும், அதற்கான பணம் இருக்கிறதா, நிறுத்த நேர்ந்தால் எந்த மருந்துக்கு மாறுவது என்ற மூன்றுக்கும் விடை வைத்துக்கொண்டே இதற்குச் சம்மதிக்க வேண்டும்.

மிக உயர்ந்த ஆபத்துள்ளவர்களுக்குப் புதிய எலும்பைக் கட்டும் டெரிபரடைட் பொருத்தமானது. ஸ்டீரொயிட் நோயாளிகளிடையே அதை அலென்ட்ரோனேற்றுடன் ஒப்பிட்டு 2007 இல் வெளியான ஆய்வில், பதினெட்டு மாதங்களில் புதிய முள்ளந்தண்டு முறிவு டெரிபரடைட் எடுத்தவர்களில் 0.6 சதவீதத்தினருக்கும் அலென்ட்ரோனேற்று எடுத்தவர்களில் 6.1 சதவீதத்தினருக்கும் ஏற்பட்டது. தினமும் தானே போட்டுக்கொள்ளும் ஊசி, குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டியது, விலை அதிகமானது; வழக்கமாக இரண்டு ஆண்டுகள் வரை போட்டு, முடிந்ததும் வேறொரு மருந்தால் கட்டிய எலும்பைப் பேண வேண்டும்.

அலென்ட்ரோனேற்று வகையோ டெனோசுமாபோ தொடங்குமுன் பல் வைத்தியரிடம் ஒருமுறை வாயைக் காட்டி, பிடுங்க வேண்டிய பல் இருந்தால் பிடுங்கி ஆற விடுங்கள். தாடை எலும்பு ஆறாமல் போகும் பக்க விளைவு அரிதானது; வெற்றிலை போட்டு முரசு கெட்டிருப்பவர்கள் மட்டும் இதில் அலட்சியம் காட்டக் கூடாது. ஆண்டுக்கணக்கில் எடுப்பவருக்குத் தொடையிலோ கவட்டிலோ புதிதாக மந்தமான வலி வந்தால், அது இம்மருந்துகளால் அரிதாக வரும் தொடையெலும்பு முறிவின் முன்னறிகுறியாக இருக்கலாம் என்பதால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

படி 7: விழாமல் இருத்தலும் தூக்காமல் இருத்தலும்

வாரத்தில் பெரும்பாலான நாட்களில் அரை மணித்தியாலம் நடங்கள். காலிமுகத்திடலும் விகாரமகாதேவி பூங்காவும் சமதரையானவை. வெள்ளவத்தைக் கரையோர மணல் தசைக்கு நல்லது என்றாலும் கால் தளர்ந்தவருக்கு ஏற்றதன்று. கதிரையிலிருந்து கையூன்றாமல் எழுந்து அமர்வதைப் பத்துத் தடவை செய்வது, ஸ்டீரொயிட்டினால் தளரும் தொடைத் தசைக்கு நேரடியான பயிற்சி.

முள்ளந்தண்டை நசுக்குவது, குனிந்த நிலையில் பாரம் தூக்குவது. வீட்டு எரிவாயுச் சிலிண்டரில் வாயு மட்டுமே 12.5 கிலோ, இரும்பின் எடை வேறு. அதை மாற்றும் வேலையை வேறொருவரிடம் விடுங்கள். தாழ்ந்த பலகையில் குந்தியிருந்து தேங்காய் திருவுவதும், தண்ணீர் வாளியைக் குனிந்து இழுப்பதும் அப்படியே. ஈரமான மாபிள் தரையுள்ள குளியலறையில் கைப்பிடி ஒன்றும் வழுக்காத விரிப்பும் போடுங்கள். தேய்ந்த றப்பர் செருப்பை மாற்றுங்கள். இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கு இருக்கட்டும். பஸ் முற்றாக நிற்குமுன் இறங்காதீர்கள். நடத்துநர் அவசரப்படுத்தினாலும் அவருக்காக இடுப்பெலும்பைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

உடனே காட்ட வேண்டிய அறிகுறிகள்

தும்மியதாலோ குனிந்ததாலோ திடீரென எழுந்த கடும் முதுகுவலியை வாயுப் பிடிப்பு என்று எண்ணி எண்ணெய் தேய்த்து உருவாதீர்கள், முதலில் எக்ஸ்ரே. கால் மரத்தல், கால் பலமிழத்தல், சிறுநீர் போகாமை சேர்ந்து வந்தால் அது அவசர நிலை. 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்கலாம், அது இலவசம். கவட்டிலும் இடுப்பிலும் தொடர்ந்து வலித்து நடக்கச் சிரமமானால், இரத்த ஓட்டம் குன்றித் தொடையெலும்பின் தலைப்பகுதி மடியும் வேறொரு நோயாக இருக்கலாம். ஸ்டீரொயிட் எடுப்பவர்களுக்கு, குறிப்பாக லூபஸ் உள்ளவர்களுக்கு, இது வருவதுண்டு. தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது, எம்.ஆர்.ஐ. தேவைப்படும்.

பிள்ளைகளும் இளம் பெண்களும்

சிறுநீரக நோய்க்காக ஸ்டீரொயிட் எடுக்கும் பிள்ளைக்குப் போதிய கல்சியமும் விற்றமின் டியும் விளையாட்டும் முதன்மையானவை. எலும்பு மருந்துகள் பெரும்பாலும் முறிவு ஏற்பட்ட பின்னரே, சிறுவர் நிபுணரின் தீர்மானத்தில் வருகின்றன. வளர்ச்சியை ஒவ்வொரு கிளினிக்கிலும் அளக்கச் செய்யுங்கள். பிள்ளை பெறும் எண்ணமுள்ள பெண், எலும்பு மருந்து எதையும் தொடங்குமுன் அதை வைத்தியரிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அலென்ட்ரோனேற்று வகை எலும்பில் ஆண்டுக்கணக்கில் தங்குவது, டெனோசுமாப் கர்ப்பத்தில் கொடுக்கக் கூடாதது.

தொடரும் ஆண்டுகளில்

முறிவு ஆபத்தை ஓராண்டு அல்லது ஈராண்டுக்கு ஒருமுறை மீண்டும் மதிப்பிட வேண்டும். டெக்ஸாவை முதலில் எடுத்த அதே இடத்தில், அதே இயந்திரத்திலேயே எடுங்கள். வெவ்வேறு இயந்திரங்களின் எண்களை ஒப்பிட்டால் இல்லாத முன்னேற்றமும் இல்லாத வீழ்ச்சியும் தெரியும். பழைய அறிக்கையையும் படத்தையும் எறிந்துவிடாதீர்கள். ஸ்டீரொயிட் முற்றாக நின்று, ஆபத்தும் குறைந்துவிட்டால் எலும்பு மருந்தையும் நிறுத்துவது பற்றி வைத்தியர் பேசுவார். அலென்ட்ரோனேற்றை ஐந்து ஆண்டளவில் நிறுத்தி இடைவெளி விடுவது சிலருக்குச் சாத்தியம். டெனோசுமாபை மட்டும் அப்படி வெறுமனே நிறுத்த முடியாது. கடைசி ஊசிக்கு ஆறு மாதம் ஆகும் வேளையில் மாற்று மருந்து தொடங்கப்பட்டிருக்க வேண்டும் என்பதால், அந்தத் திகதியைக் கொப்பியின் முன் அட்டையிலேயே எழுதி வையுங்கள்.